கேட்டுவிட்டு எடுக்க வேண்டிய மண்

என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். அறுபத்தைந்தைத் தாண்டிய ஒருத்தி ஏழு வயதுக் குழந்தையைப் பார்த்து வயிறு எரிந்தாள் என்று சின்னவர்களிடம் சொன்னால், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் உங்களுக்கும் அப்படி ஒன்றிரண்டு இருக்கும் என்பதால் கொஞ்சம் அடக்கிச் சிரிப்பீர்கள்.

போன பங்குனியில் தம்பி மகன் சென்னையிலிருந்து பெண்டாட்டி, மகளோடு சங்கரன்கோவில் வந்திருந்தான். மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு எங்கள் காட்டுக்குக் கிளம்பினார்கள். காடு என்றால் புலி, கரடி திரியும் காடு இல்லை. எங்கள் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற கரிசல் புஞ்சையைத்தான் காடு என்போம். நானும் கூடவே போனேன். வரப்போரத்து எருக்கஞ்செடியில் மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட ஒரு புழு ஊர்ந்தது. "அப்பா!" என்று அந்தப் பொடிசு கத்தியதுதான் தாமதம், அவன் வெளுத்த கால்சட்டையோடு அப்படியே கரிசல் மண்ணில் குத்தவைத்துவிட்டான். அவள் அந்தப் புழுவைப் பற்றி என்னென்னவோ அளந்தாள். அவன் "அப்படியா? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கால் மரத்துப் போயிருக்கும், ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பார்க்கிறவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. எனக்கு வந்தது பொறாமை. அதுவும் புதுப் பொறாமை இல்லை, ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்தியது. அதே காட்டில், அதே மஞ்சணத்தி மரத்துக்குப் பத்தடி தள்ளி, பதினொரு வயதில் எனக்கு வந்தது. அதைத்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. தம்பி தொட்டிலில் கிடந்தான். எங்கள் வீட்டில் தெருப்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தோம். அந்த வருஷம் தை மாதம் ஒரு குடும்பம் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க்கு. அந்த அம்மா முன்னால் டீச்சர் வேலை பார்த்தவராம், அதனால் தெரு முழுக்க அவரை டீச்சர் என்றே கூப்பிட்டது. என் வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன்.

அவர்கள் வந்து இரண்டாவது வாரமே கிளார்க்கு சார் அப்பாவிடம் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் காட்டுக்குப் போய்வரலாமா என்று கேட்டார். எதற்கு என்று அப்பாவுக்கு விளங்கவே இல்லை.

"சும்மா பாக்கத்தான். செடி, கொடி, பறவை எல்லாம். நாங்க வயக்காட்டு ஊரு. இந்தக் கறுப்பு மண்ணை இப்பத்தான் பாக்குறோம்."

"போய்ட்டு வாங்க சார். பருத்தியை மட்டும் மிதிச்சிராம நடங்க," என்றார் அப்பா. சார் தலை மறைந்ததும் அம்மாவிடம், "புல்லையும் பூச்சியையும் பாக்கதுக்கு ஒரு குடும்பமே குடை பிடிச்சிட்டுப் போகுதாக்கும்," என்று சிரித்தார்.

"மெள்ளப் பேசுங்க, காதுல விழுந்துரப் போகுது," என்றாள் அம்மா. அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு உள்ளே இறங்கவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரிந்த காடு வேறு. என் காடு என்பது தூக்குவாளி நிறையக் கஞ்சி, அது தளும்பிக் கணுக்காலில் ஒழுகுவது, வெடித்த பருத்திக் காயின் முனை குத்தி விரல் எரிவது, கழுத்தெல்லாம் சுணை பட்டு அரிப்பது. வீட்டுக்கு வந்தால் பாதி அறைக்குப் பருத்தி குவிந்து கிடக்கும். அந்தப் புழுங்கிய வாடையில்தான் படுப்பேன். இதே காட்டுக்குத்தான் அந்தப் பெண் ரிப்பன் கட்டி, செருப்புப் போட்டு, கையில் நோட்டும் பென்சிலுமாகப் போகிறாள். தாலுகா ஆபீஸ் திருப்பத்தில் அவர்கள் நான்கு பேரும் மறையும் வரை வாசலில் நின்று பார்த்துப் பொருமுவேன்.

முதல் ஞாயிறு போய்வந்ததும் அவள் என்னிடம் ஓடிவந்தாள். "உங்க பருத்திப் பூ இன்னைக்கு மஞ்சளா இருந்தா நாளைக்குச் சிவப்பா ஆயிடும், தெரியுமா?" என்றாள்.

தெரியாது. பிறந்ததிலிருந்து பார்த்த பூ, ஒரு நாளும் கவனித்ததில்லை. "அது எங்களுக்குத் தெரியும்," என்றேன் வெடுக்கென்று. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஒருத்தருக்கும் சொல்லாமல் காட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். சிவந்துதான் இருந்தது. எங்கள் காட்டுப் பூவுக்கு வெளியூர்க்காரி வந்து எனக்குப் பாடம் எடுப்பதா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அவர்களோடு போகவேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. அடுத்த ஞாயிறு, பருத்தி எடுக்கிறவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோகிறேன் என்று நானே வலியப் போய்த் தூக்குவாளியை வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு ஆச்சரியம். கஞ்சியைக் கொடுத்துவிட்டு மஞ்சணத்தி அடிக்குப் போய் நின்றேன். டீச்சர் ஒன்றுமே கேட்காமல் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "வா, நீயும் உக்காரு. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு வரணும். மத்தவங்க பாக்காததா இருக்கணும்," என்றார்.

அந்த மாசி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அந்தக் குடும்பத்தில் ஒருத்தி. இலந்தைக் கொட்டையை உடைத்துப் பார்த்தோம். ஆவாரங்காய்க்குள் விதைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதை எண்ணினோம். தேன்சிட்டு ஒன்று உடைமரக் கொப்பில் கூட்டைத் தொங்கவிட்டிருந்தது. அதன் வாசலில் சிலந்தி நூல் ஒட்டியிருப்பதைத் தூரத்திலிருந்தே காட்டினார் டீச்சர். கறுப்புக் கைப்பிடி போட்ட ஒரு லென்ஸ் வைத்திருந்தார். ஐம்பது எண்ணும் வரை ஒருத்தர் கையில், பிறகு அடுத்தவர் கையில். நான் பார்க்கும்போது அந்தப் பெண் நிதானமாக எண்ணுவாள். அவள் பார்க்கும்போது நான் வேகவேகமாக எண்ணுவேன். அதை அவள் கவனித்தாளோ இல்லையோ, ஒரு நாளும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

லென்ஸ்கூடப் பெரிதில்லை. என்னைக் கொன்றது அவளுடைய அப்பா உட்கார்கிற விதம்தான். அவள் எதையாவது காட்டினால் போதும், கிளார்க்கு சார் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவள் உயரத்துக்குக் குத்தவைத்துவிடுவார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். என் அப்பா எனக்காக ஒரு நாளும் குனிந்ததில்லை. நான் பேசினால் அவர் கண் வாசலைப் பார்க்கும், மேகத்தைப் பார்க்கும், மாட்டைப் பார்க்கும். "ம்" என்பார். அந்த "ம்" எனக்குத்தானா, மாட்டுக்கா என்று தெரியாது.

டீச்சருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் ஒரு கேள்வி கொடுத்து அனுப்புவார். "உங்க அப்பாகிட்ட கேட்டுட்டு வா. அவருக்குத்தான் தெரியும்." இந்த மஞ்சணத்தியை யாராவது நட்டார்களா, தானாக முளைத்ததா? பருத்திக்கு ஊடே ஏன் துவரை போட்டிருக்கிறது? ஈசல் எந்த மாதம் கிளம்பும், புற்றின் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும்?

நான் ஒன்றையும் கேட்கவில்லை. கேட்டால் திட்டுவாரோ என்ற பயம் பாதி. மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவருக்கு என்ன தெரிந்துவிடும் என்ற இளக்காரம் பாதி. பட்டும் படாமலும் ஒரு பதிலைச் சொல்லி, அந்தப் பெண் முன்னால் என் அப்பா சின்னதாகிப் போவாரோ என்று வேறு நினைத்தேன். ஆக ஒவ்வொரு வாரமும் போய், "அப்பாவுக்குத் தெரியாதாம் டீச்சர்," என்றேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொள்வார். அப்பாவைச் சின்னதாக்கியது நான்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

மாசி கடைசி ஞாயிறு. மஞ்சணத்தி வெள்ளை வெள்ளையாகப் பூத்து, காற்றடித்தால் ஆளைத் தூக்கும் வாசனை. அதன் அடியில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு புற்று.

எங்கள் ஊரில் புற்று என்பது வெறும் மண் இல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். கோவில் புற்றுமண் இல்லாத வீடு கிடையாது. சொறி, சிரங்கு என்றால் பூசுவோம், காய்ச்சல் என்றால் கரைத்துக் குடிப்போம். காட்டுப் புற்றுக்கும் எங்கள் வீட்டில் அதே மரியாதை. அப்பா உழும்போது அதைச் சுற்றி நாலு சால் இடம் விட்டுத்தான் ஏரைத் திருப்புவார். அம்மா வெள்ளிக்கிழமை பால் ஊற்றுவாள். ஒரு கிள்ளு மண் எடுப்பதானாலும் எதிரே நின்று, "எடுத்துக்கிடட்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கை வைக்கலாம். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. நடை பழகிய நாளிலிருந்து எனக்கு இது தெரியும்.

அந்தச் சின்னப் பையன்தான் ஆரம்பித்தான். "இதுக்குள்ள என்னம்மா இருக்கு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "ஓரத்துல கொஞ்சம் பெயர்த்துப் பாக்கலாமா? உங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கள்ல?"

என்னிடம்தான் கேட்டார். கேட்டுவிட்டு எடுங்கள் டீச்சர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அவர் அப்படியே செய்திருப்பார், பிள்ளைகளையும் கேட்க வைத்திருப்பார். நான், "ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. இவர்கள் ஒரு தப்பாவது செய்யட்டுமே என்று இருந்தது. இன்றைக்கு வரைக்கும் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குச்சியால் மெல்ல நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. உள்ளே துளைத் துளையாக, சாம்பல் நிறத்தில், தேனடை மாதிரி ஒன்று. வெள்ளைக் கறையான்கள் திகைத்துப்போய் ஓடின. லென்ஸ் கைமாறியது. எனக்கும் ஐம்பது எண்ணும் நேரம் கிடைத்தது. பிறகு டீச்சர் மகளைப் பார்த்து, "இதை உன் பாட்டில்ல பத்திரமா எடுத்து வை," என்றார். அவள் ஊறுகாய் பாட்டிலில் அதைப் போட்டு, மூடியை இறுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். எங்கள் காடு, எங்கள் மரம், எங்கள் புற்று. பாட்டில் மட்டும் அவளுடையது. வீடு வந்து சேரும் வரை நான் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்ற அக்காமார்களிடம் வாய் திறந்தேன். "எங்க புத்தை டீச்சர் உடைச்சிட்டாங்க. கேக்காமலே உடைச்சிட்டாங்க."

உடைத்தது உள்ளங்கை அகலம். குடம் நிறைவதற்குள் அது பாதிப் புற்று ஆனது. மறுநாள் முழுப் புற்றும் இடிந்தது. புதன்கிழமை வாக்கில் உள்ளேயிருந்த நாகத்தைக் கிளார்க்கு சார் கம்பால் அடித்தே விட்டார். அப்பா காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஓரத்துல கொஞ்சூண்டு பெயர்ந்திருக்கு, அவ்வளவுதான்," என்றார். அதை யார் கேட்டார்கள்!

பங்குனி பிறந்து ஒரு வாரத்தில் அந்தச் சின்னப் பையனுக்கு உடம்பெல்லாம் அம்மை போட்டது. தெருவுக்குச் சந்தேகமே இல்லை. அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க. தொட்டில்ல பச்சப்புள்ளையை வச்சிருக்கேன்."

"பங்குனி வெயிலுக்கு அம்மை வாரது புதுசா? போன வருசம் நம்ம வீட்டுக்கு வந்துச்சே, அப்ப யாரு புத்தை உடைச்சா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஊரு பேசுது."

ஊர் பேசியதை அவர்களும் கேட்டார்கள். அவர்கள் வாசலில் வேப்பிலை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. யாரும் காட்டுக்குப் போகவில்லை. வேம்பு பூத்துத் தெருவெல்லாம் உதிர்ந்து கிடந்தது, காலடியில் மாவாக நசுங்கியது. டீச்சர் அதைப் பார்த்தால் என்னென்ன சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டே மிதித்து நடந்தேன். இதுதான் நான் ஆசைப்பட்டது, கிடைத்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பையனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய இரண்டாம் நாள் கிளார்க்கு சாரும் டீச்சரும் மகளோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். சார் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தார். டீச்சர் கை கூப்பினார்.

"தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சுக்குங்க. உங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் செய்யணும்னு வாரா வாரம் பாப்பாகிட்ட கேள்வி சொல்லி அனுப்பினேன். உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்களாம். சரி, உங்களுக்கு இதுல எல்லாம் இஷ்டமில்லை போலன்னு விட்டுட்டேன்."

"என்ன கேள்வி?" என்றார் அப்பா.

டீச்சர் நோட்டைத் திறந்து வாசித்தார். மஞ்சணத்தி. துவரை. ஈசல். ஒவ்வொன்றின் கீழும் அழகான கையெழுத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறை விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த மண்ணு ஒங்கிட்டதான் இருக்கா தாயி? கொண்டா பாப்போம்."

அவள் ஓடிப்போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். முற்றத்து மண்ணில், அவளுக்கு முன்னால், அவள் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தார். பாட்டிலை வெயிலுக்கு நேராகத் திருப்பிக் காட்டினார்.

"இதுதான் கறையானுக வெள்ளாமை பாக்க இடம். நம்ம காடு மாதிரி அதுகளுக்கும் ஒரு காடு," என்று ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வேப்பங்குச்சியால் தரையில் கோடு கிழித்துக் கிழித்துப் பேசினார். மரத்தைப் பற்றிச் சொன்னார், துவரையைப் பற்றிச் சொன்னார், ஈசலைப் பற்றிச் சொன்னார். கிளார்க்கு சார் நோட்டை வாங்கி வேகவேகமாக எழுதினார். பக்கம் புரண்டது, இன்னொரு பக்கம் புரண்டது. அம்மா உலை வைத்த சோற்றை வடித்துவிட்டு வந்து பார்க்கும்போதும் பேசிக்கொண்டிருந்தார். அப்பா அவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்து, "அப்படியா? அப்புறம்?" என்று கேட்டாள்.

நான் அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்காக மடங்காத முழங்கால் அவளுக்காக மடங்கியிருக்கிறது. தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது. அந்த முதல் இரண்டு வரிக்கு மேல் அவர் சொன்னது ஒன்றுகூட என் காதில் ஏறவில்லை.

அவர்கள் விடைபெற்றுப் போனார்கள். அப்பா குச்சியைத் தூர எறிந்தார். தரையில் கிழித்த கோடுகளைக் காலால் அழித்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, நீ ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் குரலில் கோபம் இல்லை. வாரா வாரம் அவர் காட்டைப் பற்றி நான் வெளியூர்க்காரர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டு நின்றது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. கஞ்சிச் சாக்கு சொல்லி நான் ஓடியதையும் பார்த்திருக்கிறார். அவருக்கும் வயிறு எரிந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

அதன் பிறகும் அவர் இருபது வருஷம் இருந்தார். கேட்டிருக்கலாம். வாயெடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி குறுக்கே வந்து நிற்கும். நாளைக்குக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று தள்ளிக்கொண்டே போனேன். வெட்கம் அவர் போன பிறகுதான் போனது.

போன பங்குனிக்கு வருகிறேன். எருக்கம்புழு அலுத்துப்போய் அந்தப் பொடிசு மஞ்சணத்தி அடிக்கு ஓடினாள். புற்று இன்னும் இருக்கிறது, என்னைவிட உயரமாகிவிட்டது. அவள் கையை நீட்டப் போனாள்.

"கேட்டுட்டுத்தான் தொடணும் கண்ணு," என்றேன். இந்தத் தடவையாவது சொல்லிவிட்டேன். அவள், "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டு, நான் சொன்னபடியே ஒரு மூச்சு நின்று, ஒரு கிள்ளு எடுத்தாள். பிறகு அவள் அப்பா என்னைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"அத்தை, இதுக்குள்ள என்ன இருக்கு? ஈசல் இதுலேர்ந்தா வரும்? எந்தப் பக்கம் வரும்?"

"அத்தையை விடாதே, நல்லா கேளு," என்றான் தம்பி மகன். "தாத்தா இவங்களுக்குத்தான் எல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாரு."

மூட்டு வலியைப் பாராமல் அவள் முன்னால் மெல்லக் குத்தவைத்தேன். அவள் முகம் அருகில் வந்தது. சொல்லுவதற்கு என்னிடம் இரண்டு வரிதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"அப்படியா? அப்புறம்?"

"அப்புறம் தெரியாது கண்ணு."

ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்காக நான் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்குப் பொய், இன்றைக்கு நிஜம்.

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

என் அப்பா பேசியது பக்கம் பக்கமாக ஒரு நோட்டில் இருக்கிறது. எந்த ஊரிலோ, என் வயதுப் பெண் ஒருத்தியின் அலமாரியில் இருக்கும். பத்திரமாகத்தான் வைத்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்.

"ஒருத்திக்குத் தெரியும்," என்றேன். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிந்தது.